கட்சிக் கலரில் என் கல்யாணப் பத்திரிகை

தேர்தல் வரப்போகிறது என்ற செய்தி எங்கள் அச்சகத்துக்குள் வந்தபோது, நான் மாடியில் உட்கார்ந்து என் கல்யாணப் பத்திரிகையை நானே டைப் செய்துகொண்டிருந்தேன். இரண்டாயிரத்து நான்காம் வருஷம், மாசி மாதம். திருத்தங்கலில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. கீழே பெரிய மெஷினை ஓட்டுகிறவர் என் அப்பா. ஊர்ப்பட்ட கல்யாணங்களுக்கு ‘நிகழும் மங்களகரமான’ என்று தட்டிப் பழகிய விரல்கள், அன்றைக்கு என் பெயரைத் தட்டும்போது மட்டும் திரும்பத் திரும்பத் தப்பு விட்டன. பக்கத்தில் யாரும் இல்லை என்பதால் சிரித்துக்கொண்டேன்.

அப்போதுதான் முதலாளி மூச்சு வாங்க மாடியேறி வந்தார். பேப்பர் கடை வைத்து, பிறகு அச்சகம் போட்ட குடும்பம் அவருடையது. ஊரில் எல்லோருக்கும் அவர் பாய், எங்களுக்கு முதலாளி.

“ஏம்மா, டிவில சொல்லிட்டான். சித்திரையிலயே எலெக்‌ஷனாம். கையில உள்ள வேலைய எல்லாம் மூட்ட கட்டி வையி” என்றார். முகம் ஈத் பெருநாள் மாதிரி இருந்தது.

தீபாவளியை ஒட்டி வர வேண்டிய தேர்தல் அது. நாடு நன்றாக இருக்கிறது, இப்போதே கேட்டுவிடலாம் என்று டெல்லியில் முடிவெடுத்துவிட்டார்களாம். கொஞ்ச நாளாகவே பேப்பரில் முணுமுணுப்பு இருந்தது உண்மை. ஆனால் பேப்பரில் வருவதை எல்லாம் அச்சடிக்கிற ஊர் எப்போது நம்பியிருக்கிறது?

எங்கள் பக்கத்தில் தேர்தல் என்றால் யார் ஜெயிப்பார்கள் என்று முதலில் யாரும் கேட்பதில்லை. நமக்கு என்ன வேலை வரும் என்றுதான் கேட்பார்கள். அச்சகங்களில் காலண்டர் சீசன் முடிந்து ஆளும் மெஷினும் சோம்பிக் கிடந்த நேரம். போஸ்டர், ஸ்டிக்கர், தொப்பி அட்டை என்று ஆர்டர் கொட்டப் போகிறது என்று மெஷின்காரர்கள் டீக்கடையில் வடையை இரண்டாகப் பிட்டுப் பங்கு வைத்தார்கள். பட்டாசுக் கம்பெனிகளிலும் அதே சந்தோஷம்தான். ஓட்டு எண்ணுகிற நாளன்று எவர் ஜெயித்தாலும் வெடிப்பது எங்கள் ஊர்ச் சரம். தோற்கிறவர் வாங்கி வைத்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்பது கூடுதல் விசேஷம்.

அன்று மாலை விருதுநகர் பஸ்ஸில் ஒரு பெரியவர், “ஆறு மாசம் பொறுக்க மாட்டாகளாமா? இப்ப என்ன அவசரம்?” என்று எரிச்சலாகக் கேட்டார். பின்னால் கூடை வைத்திருந்த பெண், “புதுப் புருசன் வீட்டுக்குப் போறவ கணக்கா நிக்காக” என்றாள். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த அவசரம் நேராக என் தலையில்தான் வந்து விழப்போகிறது என்று அப்போது தெரியவில்லை.

எனக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளைக்குச் சூலக்கரையில் வேலை. கலெக்டர் ஆபீசில், தேர்தல் பிரிவில். நிச்சயம் பண்ணும்போது அது சும்மா கிடக்கிற பிரிவு என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். மறுநாள் காலை அச்சகத்துக்கே போன் போட்டார்.

“லீவு எல்லாம் கேன்சல். ஓட்டுப்பதிவு நம்ம முகூர்த்தத்துக்கு ஒட்டுனாப்புல வருது.”

“அப்ப நீங்க வர மாட்டீகளா?”

“எப்படி வர? நாந்தான் மெஷின் எல்லாம் பிரிச்சு அனுப்பணும்.”

“சரி. ஒரு ஓட்டு மெஷினக் குடுத்து விடுங்க. பக்கத்துல உக்கார வச்சுத் தாலி கட்டிக்கிடுதேன்.”

அவர் அடக்க மாட்டாமல் சிரித்தார். என் கோபத்துக்குச் சிரிக்கிற ஆள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு அவரைப் பிடித்துப்போனதும் அன்றைக்குத்தான்.

தேர்தல் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. மாப்பிள்ளையின் அப்பா ஒப்பவில்லை. வைத்த நாளைப் பின்னால் தள்ளக் கூடாதாம். முன்னால் வேண்டுமானால் இழுக்கலாமாம். சித்திரை பிறந்ததும் வருகிற முதல் முகூர்த்தம் என்று முடிவாயிற்று. நான் கம்ப்யூட்டரில் தேதி இருந்த வரியை அழித்துப் புதுத் தேதியைத் தட்டினேன். சமையல்காரர், மேளம், மண்டபம் எல்லாம் எப்படியோ அமைந்துவிட்டது. அமையாதது ஒன்றே ஒன்று. நாடு முழுவதுக்கும் கல்யாணப் பத்திரிகை அடித்து அனுப்புகிற ஊரில், என் பத்திரிகையை அடிக்க மெஷின் இல்லை.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் எங்கும் தேர்தல் வேலை. எந்த அச்சகத்திலும் கட்சிக்காரர்கள் மெஷின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அட்டை ஸ்டாக்கும் காலி. மதுரையில் அடித்து வாங்கலாம் என்று அம்மா சொன்னதும் அப்பா எழுந்து போய்விட்டார்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். காட்டு வேலைக்குப் போன குடும்பத்திலிருந்து அச்சகத்துக்கு வந்த முதல் ஆள் அவர். கூட்டிப் பெருக்கச் சேர்ந்தார், பிறகு மெஷினில் கை வைக்க விட்டார்கள், அப்படியே மெஷின்காரர் ஆகிவிட்டார். ஒரு வேலை ஓடத் தொடங்கும் முன் முதலில் வரும் தாளை ஜன்னலுக்குக் கொண்டுபோவார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கலர் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். கட்டை விரலால் ஒரு மூலையை மெல்லத் தேய்ப்பார். திருப்தி என்றால் அந்த மூலையில் கையெழுத்துப் போட்டு, மை காய வாயால் ஊதி, மெஷினுக்கு மேலே தொங்க விடுவார். அதற்கு ஓகே ஷீட் என்று பெயர். மற்ற தாளெல்லாம் அதைப் பார்த்துத்தான் ஓட வேண்டும். அவருக்குப் போடத் தெரிந்த ஒரே எழுத்து அந்தக் கையெழுத்துதான்.

எனக்கு மாப்பிள்ளை தேடத் தொடங்கிய நாளிலிருந்து அவருக்கு ஒரே ஆசை. யார் யார் பிள்ளைகளின் பத்திரிகைக்கோ மூலையில் கையெழுத்துப் போட்டவர், தன் மகள் பத்திரிகைக்கும் போட வேண்டும். நகை பற்றிப் பேசும்போது கூட ம் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பத்திரிகைப் பேச்சு வந்தால் முன்னால் நகர்ந்து வருவார்.

எதையுமே கேட்டு வாங்கத் தெரியாத அந்த மனிதர், முதலாளியிடம் போய் நின்றார்.

“கட்சி அட்டை ஓடுற ஷீட்ல ஓரத்துல இடம் கெடக்குல்ல? அதுல ஏத்திக்கோ. உன் மக எனக்கு மக இல்லையா? இதுக்கு வந்து கைய பிசையுறே” என்று முதலாளி திட்டினாராம். அப்பா அதை வீட்டில் வந்து பாட்டு மாதிரித் திரும்பத் திரும்பச் சொன்னார்.

வேட்பாளர் படமும் சின்னமும் போட்ட கையகல அட்டைகள் அவை. பெரிய ஷீட்டில் வரிசையாக அடித்து, பிறகு வெட்டி எடுப்பார்கள். வெட்டியது போக ஓரத்தில் ஒரு நீளத் துண்டு வீணாகும். அந்தத் துண்டில் என் பத்திரிகை. நான் ரோஜாப்பூவும் பச்சைக் கொடியுமாக அமைத்திருந்தேன். ஆனால் ஷீட்டில் ஓடுவது இரண்டே கலர்தான்; அதனால் அப்பா கீழே பிளேட் போடுகிறவரிடம் சொல்லி, பூவை எடுத்துவிட்டு மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை என்று மாற்றிவிட்டார். சாயங்கால ஷிஃப்டில் ஓடியது. நான் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்சி வேலை என்பதால் ஓகே ஷீட்டில் கட்சிக்காரர்தான் கையெழுத்துப் போட்டாராம். அப்பாவுக்கு அது ஒரு குறை. ஆனாலும் மறுநாள் பத்திரிகைக் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தபோது, நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

கலர் என்னென்ன என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் இரண்டு வீடு பேச்சை நிறுத்திக்கொள்ளும். தமிழ்நாட்டில் பிறந்த எந்தக் குழந்தையும் பார்த்த மாத்திரத்தில் கட்சியின் பெயரைச் சொல்லிவிடும், அவ்வளவுதான்.

நாங்கள் ஒருவருமே பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. அம்மா என் பெயரைத் தடவிப் பார்த்தாள். நான் எழுத்துப்பிழை தேடினேன். அப்பா வெட்டு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். எங்கள் தெருவில் எல்லாக் கட்சிக் கலரும் எல்லார் வீட்டிலும் இருக்கும். அச்சகத்து வேஸ்ட் தாளைத்தான் அலமாரியில் விரிப்போம், தண்ணீர்ப் பானையை மூடுவோம். எங்கள் அடுப்பங்கரையில் ஒரு தலைவர் தலைகீழாகப் படுத்துக்கொண்டு மிளகாய்ப்பொடி டப்பாவைச் சுமந்துகொண்டிருந்தார். வேறு ஊரில் கலர் என்றால் கட்சி. எங்களுக்குக் கலர் என்றால் டப்பாவில் இருக்கிற மை.

மஞ்சள் தடவிய முதல் பத்திரிகையைச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டு, அடுத்ததைத் தட்டில் பூ, பழம், வெற்றிலையோடு எடுத்துக்கொண்டு அப்பாவும் அம்மாவும் விருதுநகருக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார்கள். சாயங்காலம் திரும்பி வந்தபோது தட்டில் பழம் இல்லை. பத்திரிகை இருந்தது.

அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். அம்மாதான் சொன்னாள்.

“வாங்க வாங்கன்னு கூப்பிட்டு, காப்பி குடுத்து, நல்லாத்தான் பேசுனாக. பத்திரிகையக் கையில வாங்குனதும் சம்மந்திக்கு மூஞ்சி மாறிப் போச்சு. காலமெல்லாம் இந்தக் கலருக்கு எதுத்துக் கொடி பிடிச்சவன் வீட்டுலயே இதக் கொண்டாந்து நீட்டுதீகளேன்னாக. அதக்கூடப் பொறுத்துக்கிடலாம். எம்மவன் எலெக்‌ஷன் செக்‌ஷன்ல இருக்கான், ஆபீசர்க கையில இதக் குடுத்தாம்னா வேலை நிக்குமான்னு கேட்டாக. அதுக்கு நாங்க என்ன சொல்ல?”

“அவுக என்ன சொன்னாக?” என்றேன். அவுக என்றால் மாப்பிள்ளை என்று அம்மாவுக்குத் தெரியும்.

“அவுக ஆபீசுல. பத்திரிகைய மாத்திக் கொண்டாங்க, இல்லன்னா பேச்சு இத்தோட நிக்கட்டும்னுட்டாக சம்மந்தி.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சட்டப்படி அவர் கேட்டது சரி என்பதுதான் எரிச்சலைக் கூட்டியது. அப்பா அட்டையைக் கையில் எடுத்து, முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“இங்க்குக்கு ஏதுத்தா கட்சி?” என்றார் என்னிடம். “டப்பாவுல இருந்தது. ஷீட்டுல ஓடிச்சு. எம்மக பேரு மட்டுந்தான் எங்கண்ணுக்குத் தெரிஞ்சது.”

பிறகு, “நான் போயி சம்மந்தி கால்ல விழுந்துருதேன்” என்றார்.

“விழுந்தீகன்னா எனக்கு இந்தக் கல்யாணமே வேண்டாம்” என்று கத்தினேன். வேண்டாம் என்று வாய் சொல்லியது. போனில் கேட்ட அந்தச் சிரிப்பு போய்விடுமே என்று நெஞ்சு கிடந்து அடித்துக்கொண்டது. அடுப்பங்கரைக்குள் போய் அழுதேன். மறுபடி அடிக்க அட்டையும் இல்லை, மெஷினும் இல்லை. முதலாளியிடம் இன்னொரு தரம் போய் நிற்க அப்பாவால் முடியாது.

வழி அம்மாவிடம் இருந்தது. அவள் பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டும் பகுதியில் வேலை செய்தாள். மறுநாள் வேலை முடிந்து வரும்போது, புஸ்வாணத்துக்குச் சுற்றுகிற ரோஸ் ஜிகினாத்தாளின் கடைசிச் சுருள்களைக் கம்பெனியில் கேட்டு வாங்கி வந்தாள். மருந்து படாத புதுத்தாள். கூடவே தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர், கம்பெனிச் சீலையை மாற்றாமலே.

“கலரு தெரியக் கூடாது, அம்புட்டுத்தான?” என்றாள் எதிர்வீட்டு மதினி. “ஒரு பெரிய கம்பெனி லோடையே ஒரே நாள்ல ஒட்டித் தள்ளுத கையி. இது என்ன ஜுஜுபி.”

வாசலில் பாய் விரித்தார்கள். அம்மா மைதாப் பசை காய்ச்சினாள். அவர்கள் ஒட்டுவதைப் பார்க்க வேண்டும். அட்டைகளைப் படிக்கட்டு மாதிரி அடுக்கி விரிப்பார்கள். ஒவ்வொன்றிலும் பட்டை மட்டும் வெளியே தெரியும். பசையில் தோய்த்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. அதன்மேல் ஜிகினாத் துண்டை வைத்து, உள்ளங்கையால் ஒரு அழுத்து. அந்தக் கட்சிக் கலர் கண்ணுக்கு முன்னால் மறைந்து, என் பத்திரிகை புஸ்வாணம் மாதிரிப் பளபளக்கத் தொடங்கியது. அப்பா மட்டும் பக்கத்தில் வரவில்லை. முற்றத்தின் மூலையில் நின்று, ஒட்டிய அட்டைகள் காயும்போது சுருளாமல் மேலே வைக்கக் கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தான் அடித்த மையை மூடுவதைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை.

அப்போது ஒரு பைக் வந்து நின்றது. மாப்பிள்ளை. கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. நேராகச் சூலக்கரையிலிருந்து வந்திருந்தார். முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண் வீட்டு வாசல் மிதிக்கிற வழக்கம் எங்களில் இல்லை. நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். கல்யாணம் நின்றுபோயிற்று என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அவர் என் அப்பாவிடம் போனார். “மாமா, எங்கப்பா பேசினத மனசுல வைக்காதீங்க. எனக்கு ராத்திரிதான் தெரியும். ஆபீஸ் வேலைங்கறதால மாத்தச் சொல்ல வேண்டியிருக்கு. இல்லன்னா சொல்ல மாட்டேன்” என்றார்.

அப்பா, “சாப்பிட்டீகளா மாப்ளை?” என்று மட்டும் கேட்டார்.

மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்து, ஒரு பிரஷ்ஷை எடுத்தார். பெண்களுக்குக் கேட்க வேண்டுமா!

“ஊருக்கெல்லாம் ஓட்டு மை வைக்கப் போற கையி, எங்க பசையத் தொடலாமா?”

“பொண்ண உள்ள பூட்டி வச்சிருக்கோம். ஒழுங்கா ஒட்டுனாத்தான் கதவு தெறக்கும்.”

“இது என்ன மாப்ளை, இம்புட்டுக் கோணல்? கட்டிக் குடுத்தா எங்க புள்ளைக்கு வகிடு எடுத்து விடுவீகளா, அதுவும் இப்பிடித்தான் இருக்குமா?”

அவர் காதெல்லாம் சிவக்க ஒட்டினார். ஒட்டியதில் பாதியை மதினி அவர் பார்க்காத நேரம் பிய்த்துத் திருப்பி ஒட்டினாள். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிளம்பும்போது அவர் ஒன்று செய்தார். ஒட்டாத கட்டிலிருந்து ஒரு அட்டையை உருவிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

எனக்கு உடனே மூக்கு விடைத்தது. கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டேன்.

“அது எதுக்கு? உங்க அப்பாட்டக் காட்டவா?”

பெண்கள் ஓ என்று கத்தினார்கள். அவர் என்னைப் பார்த்தார். “ஒண்ணு இருக்கட்டும்” என்றார். அவ்வளவுதான். பைக் போய்விட்டது. அந்த ‘ஒண்ணு’ எதற்கு என்ற முள் எனக்குள் தங்கிவிட்டது. நாளைக்கு ஒரு சண்டை வந்தால் உன் அப்பா லட்சணம் இது என்று எடுத்துக் காட்டத்தான் என்று மனது சொல்லியது. மனதுக்கு என்ன, அது எதையாவது சொல்லும்.

ஜிகினா ஒட்டிய பத்திரிகையை மாமனார் வாங்கிக்கொண்டார். வாங்கியவர், ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தாராம். பட்டாசுக் கம்பெனி ஒட்டு, அசையவில்லை. “சரி, நல்லாருக்கு” என்றாராம்.

கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது. தாலி கட்டும் நேரம் பார்த்து மண்டபத்து வாசலில் ஓட்டுக் கேட்கிற ஜீப் வந்து நின்று, நாதசுரத்தோடு மைக்கும் சேர்ந்து முழங்கியது. உங்கள் பொன்னான வாக்குகளை என்று அது கத்தும்போது மூன்றாவது முடிச்சு விழுந்தது. வந்தவர்கள் எல்லோரும் பத்திரிகையைப் புகழ்ந்தார்கள். இந்த மாதிரிப் பளபளப்பு எங்கே அடித்தீர்கள் என்று அப்பாவைக் கேட்டார்கள். அவர் பந்தி விசாரிக்கப் போவது போல நகர்ந்து நகர்ந்து போனார். மேடையிலிருந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாசலில் நின்று பன்னீர் தெளிக்க வேண்டியவர், சமையல்கட்டில் வாழைக்காய்க் கூடை பக்கத்தில் நின்றார். என் கல்யாணத்தில் எனக்கு வலித்தது அது ஒன்றுதான்.

ஓட்டுப்பதிவன்று என் பெயர் இன்னும் திருத்தங்கல் பட்டியலில்தான் இருந்தது. மாப்பிள்ளை இரண்டு நாளாக ஆபீசிலேயே கிடந்தார். நான் பிறந்த வீட்டுக்கு வந்து அப்பாவோடு பள்ளிக்கூடத்து வரிசையில் நின்றேன். மை வைக்கிறவர் அப்பாவின் விரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏற்கெனவே மை இருக்கே பெரியவரே, ஓட்டுப் போட்டுட்டீகளா?”

“அது பிரஸ் மை சார். அது போகாது” என்றார் அப்பா. துணியால் துடைத்துப் பார்த்து, வேறு வழியில்லாமல் அதன்மேலேயே இழுத்தார்கள்.

திரும்பி வரும்போது, “பத்திரிகை நல்லாத்தாம்ப்பா இருந்துச்சு” என்றேன்.

“மூடுன தாள எப்பிடித்தா பாக்க?” என்றார். பிறகு தெருவோர நிழலை எனக்கு விட்டு, தான் வெயிலில் இறங்கி நடந்தார்.

ஓட்டு எண்ணினார்கள். எங்கள் ஊர்ச் சரங்கள் எங்கெங்கோ வெடித்தன. டெல்லியில் எதை எதிர்பார்த்துத் தேர்தல் வைத்தார்களோ அது நடக்கவில்லை என்று நாடே பேசிக்கொண்டது. என் மாமனார் அன்றைக்கு எப்படி இருந்தார் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் கலர் தெரிந்துவிடும்.

அந்த வாரக் கடைசியில் என்னைக் கட்டியவர் ஆபீசிலிருந்து வெளிச்சத்தோடு வீடு வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அப்படி வந்தது அன்றைக்குத்தான். கையில் செய்தித்தாள் சுற்றிய ஏதோ ஒன்று. நேராக எங்கள் அறைக்குள் போய்ச் சுவரில் ஆணி அடித்தார்.

“என்னலே, ஆணி அடிக்கே?” என்று மாமனார் கூடத்திலிருந்து கேட்டார்.

“கல்யாணப் பத்திரிகைப்பா.”

“எந்தப் பத்திரிகை?”

“முதல்ல வந்தது.”

நான் கதவோரம் ஒதுங்கி நின்றேன். காலடிச் சத்தம் வந்தது. மாமனார் அறை வாசலில் நின்று பார்த்தார். பட்டை இரண்டும் பளிச்சென்று தெரிய, கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது என் பத்திரிகை. ஜிகினா ஒட்டாதது. அன்றைக்குச் சட்டைப்பைக்குள் போன அந்த ஒன்று.

“கோணலா இருக்கு. வலது பக்கம் ஏத்து” என்று சொல்லிவிட்டு மாமனார் போய்விட்டார்.

நான் அவரைப் பார்த்தேன். “இதுக்குத்தான் எடுத்துட்டுப் போனீகளா?”

“தேர்தல் நடத்தை விதி முடிஞ்சு போச்சு. இனி என் வீட்டுல எந்தக் கலரையும் மாட்டலாம்” என்றார். “ஜிகினாவுக்குக் கல்லு எடுத்துக் குடுத்தாரே மாமா, அந்த மூஞ்சிய நீ பாத்தியா? நான் பாத்தேன்.”

அதுவரைக்கும் தாலி கட்டியவர் என்றுதான் அவரை நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் புருஷன் ஆனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் எங்களைப் பார்க்க வந்தார்கள். சுவரில் மாட்டியதைப் பற்றி நான் மூச்சு விட்டிருக்கவில்லை. அவர்தான் என் அப்பாவை அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார். சட்டத்துக்கு முன்னால் அப்பா நின்றார். முதலில் புரியவில்லை. புரிந்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார், கோயிலில் நிற்கிற மாதிரி.

“மாப்ளை, கண்ணாடியக் கழத்த முடியுமா? கையில வச்சுப் பாக்கணும்.”

அவர் சட்டத்தைக் கழற்றி அட்டையை எடுத்துக் கொடுத்தார். அப்பா ஜன்னலுக்குப் போனார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். கலர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ஒரு மூலையைக் கட்டை விரலால் தேய்த்தார்.

“கலரு ஒரு நூல் தள்ளித்தான் இருக்கு” என்றார் அப்பா. “ஆனா பரவாயில்ல.”

பிறகு மாப்பிள்ளையின் சட்டைப்பையைப் பார்த்துக் கையை நீட்டினார். அவர் பேனாவை எடுத்துக் கொடுத்தார். அப்பா அட்டையை ஜன்னல் கட்டையில் வைத்து, மூலையில், அவருக்குத் தெரிந்த அந்த ஒரே கையெழுத்தை மெதுவாகப் போட்டார். மை காய வாயால் ஊதினார்.